ராவணன் எதில் ஏறி வர வேண்டும்?

கேள்வி இதுதான்: 'ஆதிபுருஷ்' படத்தில் ராவணன் புஷ்பக விமானத்தை விட்டுவிட்டு வவ்வால் மாதிரி ஒரு ராட்சத மிருகத்தின் மேல் பறந்து வருகிறானே, இது சரியா? நம் புராணப் படங்களில் வரும் விமானமும் அசுரனும் விலங்கும் மட்டும் ஏன் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கின்றன?

முதல் பாதிக்குப் பதில் பலருக்குப் பிடிக்காது. சீதையைத் தூக்கிக்கொண்டு போக ராவணன் புஷ்பகத்தில் வந்தான் என்று வால்மீகி சொல்லவே இல்லை. ஆரண்ய காண்டத்தில் அவன் வருவது கழுதைகள் பூட்டிய மாயத் தேரில். பொன்னால் ஆன தேர், அதை இழுப்பது பிசாசு முகம் கொண்ட கழுதைகள், தேரின் சத்தமே கழுதைக் கத்தல் மாதிரிதான் இருந்தது என்று எழுதியிருக்கிறார். ஜடாயு அந்தக் கழுதைகளைக் கொன்று, தேரை உடைத்து, சாரதியையும் வீழ்த்திய பிறகு, ராவணன் சீதையைக் கையில் பிடித்துக்கொண்டு தானே வானத்தில் எழும்பிப் போகிறான். 1906இல் ரவிவர்மா வரைந்த ஜடாயு வதம் ஓவியத்தைப் பாருங்கள், அதில் தேரும் கிடையாது, விமானமும் கிடையாது. ஒரு கையில் சீதை, இன்னொரு கையில் வாள், கீழே வெட்டுப்பட்ட சிறகு, அவ்வளவுதான். கடத்தல் என்றால் புஷ்பகம் என்ற நினைப்பு நாடகமும் நாட்காட்டிப் படமும் தொலைக்காட்சியும் சேர்ந்து நமக்குள் பதியவைத்தது.

கம்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் ராவணனுக்கு அழிவு என்று சாபம் இருப்பதால், பர்ணசாலையோடு சேர்த்து நிலத்தையே ஒரு யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு) ஆழத்துக்குப் பெயர்த்துத் தேரில் வைத்துக்கொண்டு கிளம்புகிறான். இதைத் திரையில் நினைத்துப் பாருங்கள். வேரும் மண்ணும் தொங்கும் ஒரு துண்டுக் காடு, அதன் மேல் ஒரு ஓலைக் குடிசை, உள்ளே ஒரு பெண், அது மேகத்துக்கு நடுவில் மண் உதிர்த்துக்கொண்டே போகிறது. கோடிக்கணக்கில் செலவு செய்து கலை இயக்குநர்களை உட்காரவைத்தாலும் இதைவிட நல்ல யோசனை வராது, ஆனால் இது எண்ணூறு வருஷத்துக்கும் மேலாகத் தமிழில் கிடக்கிறது.

ஆக, ராவணன் விலங்கோடு வந்தது தப்பில்லை. அந்த விலங்குதான் தப்பு.

நம் மரபில் ஊர்தி வேறு, உயிர் வேறு என்று பிரித்தே பார்ப்பதில்லை. மயில் வாகனம், அன்ன வாகனம், கருடன், ரிஷபம், மனித முகமும் விலங்கு உடலும் கொண்ட புருஷாமிருகம் எல்லாம் விலங்கும்தான், ஊர்தியும்தான். ஏறி வருபவர் யார் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே வாகனம் சொல்லிவிடும். அப்படியென்றால் ராவணனின் வாகனம் ராவணனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா? அவன் குபேரனின் தம்பி, சாமகானம் பாடியவன், சிவபக்தன், ரசிகன், பொன்னிலும் மணியிலும் புரள்பவன், திமிர் பிடித்தவன். வால்மீகியின் இலங்கை கண் கூசுகிற ஊர், அனுமனே ஒரு நிமிஷம் மலைத்துப் போய் நிற்கிறான். 'ஆதிபுருஷ்' படத்திலோ கறுப்புப் பாறைக் கோட்டை, சாம்பல் நிற வானம், தோல் சிறகு மிருகம் என்று மேற்கத்திய கற்பனைக் கதைகளில் கெட்டவனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வீட்டை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். 2022 அக்டோபரில் அயோத்தியில் முன்னோட்டம் வெளியானபோது எழுந்த கூச்சலில் வேறு பல சண்டைகளும் கலந்திருந்தன. அதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், 'இவன் நம்ம ராவணன் இல்லையே' என்று சாதாரண ரசிகனுக்குத் தோன்றியது நியாயம்தான். 2023 ஜனவரியில் வரவேண்டிய படம் ஜூன் 16க்குத் தள்ளிப்போனது. கோளாறு அடிப்படைக் கற்பனையிலேயே இருக்கும்போது கடைசி ஆறு மாதத்தில் கணினியில் மெருகேற்றி என்ன ஆகிவிடப் போகிறது.

இப்போது புஷ்பகத்துக்கு வருவோம். சுந்தர காண்டத்தில் 7, 8ஆவது சர்க்கங்களில், அதாவது அத்தியாயங்களில், அனுமன் அதைப் பார்க்கிறான். நம் படங்கள் தவறவிடுவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அது ஒரு மாளிகை. வைடூரியத்தில் செய்த பறவைகள், வெள்ளியிலும் பவளத்திலும் செய்த பறவைகள், பல நிற மணிகளால் ஆன பாம்புகள், ஜாதிக் குதிரைகள், தாமரைக் குளத்தில் திருமகள், அவளுக்குப் பக்கத்தில் துதிக்கையில் தாமரை ஏந்திய யானைகள். போர் முடிந்து அயோத்திக்குத் திரும்பும் இடத்தில் சுற்றிலும் மணிகள் கட்டித் தொங்கி இனிமையாக ஒலிக்கின்றன என்றும், அன்னங்கள் பூட்டிய அந்த விமானம் பெரிய ஓசையோடு எழும்பியது என்றும் வருகிறது. ஒலி வடிவமைப்பாளருக்கு இதைவிட என்ன குறிப்பு வேண்டும்? எந்திர உறுமலே தேவையில்லை. ஆயிரக்கணக்கான சிறு மணிகள் காற்றில் குலுங்குகிற ஒலியும், அதற்கு அடியில் சிறகுகளின் கனமான அடியும் போதும், திரையரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம், 8ஆவது சர்க்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: காதில் குண்டலம் போட்ட, பெரிய கண்ணும் பெருந்தீனியும் கொண்ட, வானில் திரியும் பூதங்கள் இந்த விமானத்தைச் சுமக்கின்றன என்று. எனக்கு மிகவும் பிடித்த வரி இது. ஏனென்றால் இந்தப் பூதங்கள் எப்படி இருக்கும் என்று யாரும் புதிதாக யோசிக்கத் தேவையில்லை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் ஆரம்பித்து எந்தப் பல்லவ, சோழக் கோயிலிலும் கபோதத்துக்கு, அதாவது வளைந்த கூரை விளிம்புக்கு, கீழே வரிசையாக ஓடும் பூதவரியைப் பாருங்கள். தொப்பை, குட்டைக் கால், உருண்டைக் கண், ஒன்று இளிக்கும், ஒன்று குழல் ஊதும், ஒன்று மொத்தக் கட்டடத்தையும் தன் தலையிலேயே தாங்குவதுபோல் முக்கிக்கொண்டிருக்கும். கட்டடத்தைத் தாங்கும் பூதம் என்ற யோசனையைச் சிற்பி ஏற்கெனவே தீர்த்து வைத்துவிட்டார். அந்த வரிசையைப் புஷ்பகத்தின் அடிப்பாகத்தில் உயிரோடு வைத்தால், விமானம் எப்படிப் பறக்கிறது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும், சிரிப்பும் கிடைக்கும், லேசான பயமும் கிடைக்கும். ராவணன் திட்டும்போது அதில் இரண்டு பூதம் முகம் சுளிக்கலாம்.

அசைவுக்கும் இப்படி ஒரு கருவூலம் நம்மிடம் இருக்கிறது. உற்சவ வாகனத்தைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வருபவர்களின் நடையைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்ரீரங்கத்தில் சாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணும்போது சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடையே மாறும். மரத்தில் செதுக்கிய வாகனம் கண்ணையோ காலையோ அசைப்பதில்லை, ஆனால் அந்த நடையின் ஏற்ற இறக்கத்தில் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. அசைவூட்டுகிறவர்கள் சிங்கத்துக்கு ஆப்பிரிக்கக் காட்டு விலங்குப் படத்தைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் சாமி ஏறி வரும் சிங்கத்துக்கு வீதி உலாவைப் பார்க்காமல் எப்படி?

மறுபக்கம் இன்னொரு குழி இருக்கிறது. 'நம் முன்னோர் விமானம் கட்டினார்கள்' என்று காட்டும் ஆசையில் புஷ்பகத்தை எந்திரமாக்குவது. இணையத்தில் சுற்றும் கூம்பு வடிவ, அடுக்கடுக்கான விமானப் படங்கள் பெரும்பாலும் 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலில் இருந்து வந்தவை. சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918இலிருந்து 1923 வரை சொல்லச் சொல்ல எழுதியது அது, படங்களை எல்லப்பா என்ற வரைவாளர் பெங்களூரில் 1923 வாக்கில் வரைந்தார். 1974இல் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதை ஆராய்ந்து, நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, அந்த வடிவங்கள் பறக்கவும் முடியாது என்று எழுதினார்கள். பறக்காது என்பது சினிமாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தப் படங்கள் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தின் எந்திர மோகத்தில் பிறந்தவை, புகைபோக்கியும் விசிறியும் உருளைகளும் வைத்தவை. அதைப் பார்த்து வரைந்துவிட்டு மேலே நாலு யாளியை ஒட்டினால் விண்கலத்துக்குப் பட்டுப் பாவாடை கட்டின மாதிரிதான் இருக்கும். இந்த யாளி ஒட்டும் வியாதி இப்போது அதிகம். எதற்கெடுத்தாலும் ஒரு யாளித் தலை, ஒரு மகரத் தோரணம். அது எங்கே உட்கார வேண்டும், எதைத் தாங்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் எல்லா இடத்திலும் செதுக்கல்.

எந்திரம்தான் வேண்டும் என்றால் அதற்கும் நம்மிடம் சரக்கு உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவி விசயை தப்பிப்பதற்காக ஒரு மயிற்பொறி செய்யச் சொல்கிறான். அதை ஓட்டும் முறையைத் திருத்தக்க தேவர் எழுதியிருப்பதைப் படித்தால் வடிவமைப்பு வரைபடம் மாதிரியே இருக்கும். பொறியை வலப்பக்கம் திருகினால் மயில் மேகத்தைப் பிளந்துகொண்டு மேலே ஏறும். இடப்பக்கம் திருகினால் பார்ப்பவர்கள் மயங்கும்படி கீழே இறங்கி, காலைக் குவித்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலைக் குவிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தரையிறங்கிய பிறகு என்ன ஆகும் என்று யோசித்தவன்தான் அதை எழுத முடியும். அரண்மனையில் இருந்து கிளம்பிய மயில் கடைசியில் இறங்குவது சுடுகாட்டில், அங்கேதான் சீவகன் பிறக்கிறான். ஒருத்தி மட்டும் உட்காரும் அளவு, கையில் ஒரு திருகு, நிறைமாத வயிறு, கீழே எரியும் சிதைகள். படை பட்டாளம் எதுவும் தேவைப்படாத, சின்னப் பட்ஜெட்டிலேயே எடுக்கக்கூடிய காட்சி இது.

நம் படங்களில் நன்றாக வந்தவை இல்லையா என்றால், இருக்கின்றன. 1957இல் வந்த 'மாயா பஜார்' பற்றி எல்லோரும் கடோத்கசனாக நடித்த ரங்காராவின் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போவதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. துவாரகையை 50க்கு 60 அடி இடத்தில் சுமார் 300 குட்டி வீடுகள் வைத்துக் கட்டினார்கள். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. அதே படத்தில் நேசிப்பவர் முகத்தைக் காட்டும் ஒரு பெட்டி வருகிறது. இன்றைய காணொளி அழைப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்க அது ஒரு நகைப்பெட்டி. ராஜகுமாரி வீட்டில் இருக்கக்கூடிய பொருள்தான், திறந்தால்தான் மாயம். அந்தப் படத்தில் மாயப் பொருட்கள் எல்லாமே இப்படித்தான், முதலில் வீட்டுச் சாமான், பிறகுதான் அதிசயம். அதனால்தான் சூத்திரம் தெரிந்த பிறகும் நமக்குச் சலிப்பதில்லை.

'பாகுபலி 2' படத்தின் அன்னக் கப்பலும் இதே வழியில் வந்ததுதான். முதலில் அது கப்பல், அதற்குத் தளம் உண்டு, பாய் உண்டு, தண்ணீரில் ஆடுகிறது, ஆட்கள் நிற்கிறார்கள். பாடல் வளர வளரப் பாய்கள் சிறகாகி மேகத்துக்குள் போகிறது. கப்பல் எப்படிப் பறக்கும் என்று திரையரங்கில் யாரும் கேட்கவில்லை, காதலில் இருக்கும் இரண்டு பேரின் மனசுதான் பறக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. வெண்மை, நீண்ட கழுத்து, மெதுவான அசைவு. அன்னம் என்றால் நமக்கு என்னென்ன தோன்றுமோ அத்தனையும் அதில் இருந்தது.

'கல்கி 2898 ஏடி' விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கலவையானது. காசிக்கு மேல் மிதக்கும் தலைகீழ் பிரமிடு பிரமாண்டம்தான், ஆனால் எந்தக் கிரகத்திலும் மிதக்கலாம். நாயகன் ஓட்டும் புஜ்ஜி வண்டி அப்படி இல்லை. அதை நிஜமாகவே கட்டினார்கள், மஹிந்திராவும் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து, சுமார் 6 டன் எடையில், பின்னால் உருண்டையான ஒற்றைச் சக்கரத்தோடு. புராண வடிவம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் வண்டி திரும்பும்போது எடை தெரிகிறது, நடிகர் உண்மையான ஒரு இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், வெயில் உண்மையான தகட்டில் பட்டுத் தெறிக்கிறது. பச்சைத் திரைக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியில் உட்காரவைத்துவிட்டு 'இது பறக்கும் மிருகம், பயப்படாமல் பாருங்கள்' என்று சொல்லி எடுப்பதற்கும் இதற்கும் முகத்திலேயே வித்தியாசம் தெரியும். முழுவதையும் கட்ட முடியாவிட்டாலும் ஏறி உட்காரும் இடத்தையாவது கட்டியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

விலங்குகளையும் அசுரர்களையும் பற்றி. மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையில் நிற்கும் மகிஷனைப் பாருங்கள். எருமைத் தலை, மனித உடல், கையில் கதாயுதம், தலைக்கு மேல் ராஜ குடை. பின்னால் சாய்ந்து ஒதுங்குகிறான், ஆனால் இன்னும் விழவில்லை, திரும்பி அடிப்பானோ என்ற சந்தேகம் நமக்கு வருகிறது. உடம்பில் முறுக்கேறிய நரம்போ, கொட்டும் எச்சிலோ, எரியும் கண்ணோ எதுவும் கிடையாது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அவனை ஒரு அரசனாகத்தான் பார்த்திருக்கிறார், தலை மட்டும்தான் எருமை. இப்போது வரும் அசுரர்கள் எல்லாம் உடற்பயிற்சிக்கூடத்தில் இருந்து நேராக வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள், கொம்பைக் கழற்றிவிட்டால் யார் யாரென்றே தெரியாது.

மாரீச மான் இதைவிடக் கஷ்டமான வேலை. வால்மீகி அதன் கொம்பு நுனியில் மணி, குளம்பு வைடூரியம், வால் வானவில் நிறம் என்று அடுக்குகிறார். சீதைக்கு ஆசை வரும் அளவுக்கு அழகாக இருக்க வேண்டும், அதே மானைப் பார்த்த அடுத்த நொடி லட்சுமணன் 'இது மாரீசன்தான்' என்று சொல்லும் அளவுக்கு எதோ உறுத்தவும் வேண்டும். பொன் வண்ணம் பூசிய புள்ளிமானைக் காட்டினால் முதல் பாதி கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. நான் செய்வதாக இருந்தால் உடம்பை அழகாகவே விட்டுவிட்டு அசைவில் கை வைப்பேன். மான் எதையாவது பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல், பார்க்கக் கூடாத நேரத்தில் ஆளை நேராகப் பார்க்கட்டும்.

ஜடாயுவை எல்லோரும் ராட்சதக் கழுகாக்கிவிடுகிறார்கள். அவர் கிழவர். அறுபதாயிரம் வயது என்று தானே சொல்கிறார். கேரளத்தில் சடையமங்கலத்துப் பாறை மேல் 200 அடி நீளத்துக்கு ஜடாயு சிற்பம் செய்த ராஜீவ் அஞ்சல் திரைப்பட இயக்குநரும்கூட. அவர் பறக்கிற கம்பீரத்தை விட்டுவிட்டு, ஒரு சிறகு போய்க் கீழே கிடக்கும் உடம்பைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தத் தேர்வே ஒரு பாடம். சிறகு என்பது கணினியில் செய்வதற்குப் பணத்தைக் கரைக்கிற சமாச்சாரம், இறகு இறகாக அசைய வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். இளமையும் பளபளப்பும் கொடுத்தால் ஒரே மாதிரி இறகுகளைப் பரப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். கிழ இறகு என்றால் உதிர்ந்த இடம், பிய்ந்த ஓரம், மங்கிய நிறம் எல்லாம் தனித்தனியாகச் செய்ய வேண்டும். யாருக்கு நேரம்?

நேரம்தான் பாதிப் பிரச்சினை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வெளியீட்டுத் தேதியை முதலில் அறிவித்துவிட்டு, வேலையைப் பல கணினி வரைகலைக் கூடங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரே மிருகம் ஒரு காட்சியில் ஒரு கூடத்திலும் அடுத்த காட்சியில் இன்னொரு கூடத்திலும் தயாரானால் தோல் நிறம்கூடப் பொருந்தாது. ஆனால் வடிவம் தீர்மானமாவது இதற்கெல்லாம் முன்னால், பென்சிலும் தாளும் இருக்கும் கட்டத்தில். அங்கே செலவு மிகக் குறைவு, அங்கேதான் அவசரப்படுகிறோம்.

கடைசியாகப் பத்துத் தலை. இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டீர்கள். நடுவில் ஒன்றை வைத்தால் மிச்சம் ஒன்பது, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஐந்து, எப்படியும் சமமாக வராது. நம் ஓவியர்கள் அந்த ஏற்றத்தாழ்வைத் தயங்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். 'ஆதிபுருஷ்' இரண்டு வரிசையாக அடுக்கியது, ஊரே சிரித்தது. ஆனால் அடுக்குவது ஒன்றும் புதுசு இல்லை, தாய்லாந்து முகமூடி நாடகத்தில் ராவணன் தலைகள் கோபுரம் மாதிரி மேலே மேலேதான் போகும், அழகாகவே இருக்கும். அங்கே அது கிரீடத்தோடு சேர்ந்த ஒரே வடிவம், இங்கே தனித்தனித் தலைகளை வெட்டி ஒட்டியது போல ஆகிவிட்டது. சுந்தர காண்டத்தில் தூங்கும் ராவணனை அனுமன் பார்க்கும் இடத்தில் இரண்டு கைகளைத்தான் வால்மீகி வர்ணிக்கிறார். வீட்டில் ஒரு முகம், போரில் பத்து முகம் என்று வைத்துக்கொள்ள மூலத்திலேயே இடம் இருக்கிறது. நிதேஷ் திவாரி எடுக்கும் 'ராமாயணா' முதல் பாகத்தை 2026 தீபாவளிக்கு என்று அறிவித்திருக்கிறார்கள், இதை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன்.

நீங்களே வரைகிற ஆள் என்றால், ஒரு வேலை செய்து பாருங்கள். பட வலைத்தளங்கள் எதையும் திறக்காமல், ஆரண்ய காண்டத்தின் கழுதைத் தேரை ஒரு தாளில் வரையுங்கள். கழுதையின் உடல், பிசாசின் முகம், பொன் கவசம். கடிவாளம் வாயில் எங்கே போகும், சாரதி எங்கே உட்காருவான், ஜடாயு அடித்தால் எது முதலில் உடையும் என்று தீர்மானித்துவிட்டு, அப்புறம் வண்ணத்துக்குப் போங்கள்.